மூளைக் காயமும் நரம்புக்கலங்களின் அருட்டலும்

உடம்பிற் பட்ட காயம் ஆறியபின் அதனை மறந்துவிடுவது மக்கள் இயல்பு. முழங்காலிற் கிடக்கும் தழும்பு பழைய கதையொன்றை நினைப்பூட்டுமேயன்றிப் புதியதொரு நோயைத் தருவதில்லை. மூளையின் தழும்பு அத்தகையதன்று. அது பல ஆண்டுகள் வாளாவிருந்து, ஒருநாள் எதிர்பாராத வகையில் வலிப்பாக வெளிப்படுதல் கூடும். காயத்தின் அருகே உயிர்தப்பி எஞ்சிய நரம்புக்கலங்கள் அந்த இடைக்காலத்தில் என்ன செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1848 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 13 ஆந் திகதி, அமெரிக்காவின் வேமொன்ற் மாநிலத்திலே கவென்டிஷ் என்னும் ஊருக்கு அணித்தாகப் புகையிரதப் பாதைக்கெனப் பாறை பிளக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்களின் தலைவன் பினியஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞன். பாறையிலே துளையிட்டு நிரப்பிய வெடிமருந்தை இருப்புக்கோலால் இடித்து இறுக்குங்கால் மருந்து தீப்பற்றி வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ இறாத்தல் நிறையுமுடைய அக்கோல் அவனது இடக் கன்னத்தின் வழியே புகுந்து, இடக் கண்ணின் பின்னாற் சென்று, தலையின் உச்சியைத் துளைத்துக்கொண்டு வெளியேறிற்று. அவன் இறந்திலன். மாட்டு வண்டியில் எழுந்திருந்து பேசிக்கொண்டே விடுதிக்குச் சென்றான். யோன் ஹார்லோ என்னும் இளம் வைத்தியர் அவனைக் காத்துத் தேற்றினார்.

மூளையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் அவன் குணம் மாறிய கதையையே விரித்துரைக்கும். நாம் எடுத்துக்கொள்வது பலரும் ஒரு வரியிற் கடந்துவிடும் அவனது முடிவை. கேஜ் பின்னாளிற் சிலி நாட்டிற் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான். உடல் நலிந்து 1859 இற் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் சேர்ந்தான். 1860 பெப்ரவரியில் முதல் வலிப்பு வந்தது. அடுத்தடுத்து வந்த வலிப்புக்களால் அவ்வாண்டு மே மாதம் 21 ஆந் திகதி உயிர் நீத்தான். காயம் பட்ட நாளுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே 11 ஆண்டும் 5 மாதமும் கழிந்திருந்தன. அவன் மூளையை அக்காலத்தில் எவரும் அறுத்துச் சோதித்திலர். ஆயினும் பழைய காயமே அவ்வலிப்புக்களுக்கு ஏது என்பதே வைத்திய உலகின் துணிபு.

தமிழ் கற்பிக்கும் நமக்கு வைத்தியத் துறையில் என்ன வேலை என்று, பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் நகைத்தல் கூடும். தலையில் அடிபட்ட மாணவரை விளையாட்டிடத்திலே காண்பவரும், வலிப்பு நோயுள்ள மாணவரை வகுப்பிலே வைத்துக் கற்பிப்பவரும் ஆசிரியரே ஆதலின், இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொள்ளுதல் நமக்கும் கடனாகும். இன்னும், இப்பொருளிற் சொல்லாராய்ச்சிக்கும் சிறிது இடமுண்டு.

'அருட்டல்' என்னுஞ் சொல்லைக் காண்க. நித்திரை கொள்பவனை 'அருட்டி எழுப்பு' என்றும், வெடிச்சத்தங் கேட்ட குழந்தை 'அருண்டு போயிற்று' என்றும் நம் வீடுகளில் இன்றும் வழங்கும். நரம்புக்கலம் ஒன்று அமைதி நிலையினின்றும் எழுப்பப்படுவதைக் குறிக்க நம் நாட்டுப் பாடநூல்கள் இச்சொல்லையே எடுத்தாண்டன. தமிழகத்தார் 'செல்' என்பதை நாம் 'கலம்' என்று வழங்குவதும் அவ்வாறு வந்த மரபே. கலம் எவ்வளவு எளிதில் அருட்டப்படும் என்பதே இங்கு வினா. எளிதில் எழாத கலம் மந்தமுற்றது. தொட்டாற் போதும் துள்ளியெழும் கலம் அருண்ட கலம். காயம் மூளையை முதலில் முன்னையதாக்கிப் பின்னர்ப் பின்னையதாக்கும்.

மூளையின் புறத்தே 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில் மடிப்பு மடிப்பாய்ப் போர்த்திருக்கும் சாம்பனிறப் படையே மேற்பட்டை. அதில் மட்டும் ஏறத்தாழ 1600 கோடி நரம்புக்கலங்கள் உள. அமைதியாயிருக்கும் கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிர்மின் உடையது. உள்ளே பொற்றாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்குமாறு, மென்சவ்விலுள்ள பம்பிகள் ஓயாது உழைத்து இந்நிலையைக் காக்கின்றன. அயற்கலங்கள் விடுக்கும் செய்திகளால் அந்த 70 என்பது 55 அளவிற்குக் குறையுமாயின், சோடியம் உள்ளே பாய்ந்து, ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கன் நேரம் நிற்கும் மின்துடிப்பு எழும். இவ்வியல்பைக் கணவாயின் பெரிய நரம்பிலே அளந்து 1952 இல் வெளியிட்ட ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவரும் 1963 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மேற்பட்டைக் கலங்கள் யாவும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. ஐந்தில் நான்கு பங்கு பிற கலங்களை அருட்டுவன. அவை சொரியும் இரசாயனப் பொருள் குளுட்டமேற்று. எஞ்சிய ஒரு பங்கு பிற கலங்களை அடக்குவன. அவற்றின் பொருள் காபா. தேர்த் திருவிழாவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். சில்லின் கீழே முட்டுக்கட்டை இடுவோர் மிகச் சிலர். அச்சிலரின்றேல் தேர் வீதி திரும்பமாட்டாது. நேரே மதிலிற் போய் முட்டும். வலிப்பு என்பது முட்டுக்கட்டை தவறிய தேர். ஆயிரமாயிரங் கலங்கள் ஒருங்கே, ஒரே தாளத்தில், கட்டின்றித் துடிப்பதே அது.

இனிக் காயத்துக்கு வருவோம். தலை எதன்மீதேனும் மோதுங்கால் தயிர் போல் மெத்தென்ற மூளை மண்டையோட்டினுள்ளே அசைந்து இழுபடுகின்றது. கலங்களின் நீண்ட நார்கள் நீட்சியுறுகின்றன. மென்சவ்வு நெகிழ்ந்து பொற்றாசியம் வெளியேற, சோடியமும் கல்சியமும் உட்புகுகின்றன. குளுட்டமேற்று அளவின்றிக் கொட்டுகின்றது. அது அயற்கலங்களையும் அருட்ட, அவையும் அவ்வாறே தம்மிடமுள்ளதைக் கொட்டுகின்றன. கடுங்காயங்களில் இக்கொந்தளிப்பு அலையாகவே பரவுதலும் உண்டு. லியாவோ என்னும் பிரேசில் நாட்டு அறிஞர் 1944 இல் முயலின் மேற்பட்டையில் இவ்வலையை முதலிற் கண்டு எழுதினார். நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றரே நகரும் அவ்வலை சென்ற வழியெல்லாம் கலங்கள் மின்னிழந்து மௌனமாகிவிடும். பிற்காலத்தில் தலைக்காயமுற்ற மனிதரிடத்தும் அது பதிவுசெய்யப்பட்டது.

சிதறிய அயன்களை மீண்டும் உரிய இடத்திற் சேர்க்கப் பம்பிகள் கைம்முதல் முழுவதையும் செலவிடல் வேண்டும். உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகிய மூளை, அமைதிக் காலத்திலேயே உடலின் சக்தியில் ஐந்திலொரு பங்கை உண்பது. அடிபட்ட வேளையில் தேவை இன்னும் பெருகுகின்றது, குருதியோட்டமோ குறைகின்றது. இப்பற்றாக்குறை தீர்ந்தபின் மூளை நாட்கணக்கில் மந்தித்துக் கிடக்கும். அடிபட்ட மாணவன் மறுநாள் பாடத்தில் மனஞ்செலுத்த மாட்டாது தலையிடி என்று சொல்வானாயின், அவன் சாட்டுச் சொல்கின்றான் என்று ஆசிரியர் எண்ணற்க.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கட்கும் துடுப்பாட்டத் தலைவர்கட்கும் இதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். மூளை அதிர்ச்சியுற்றவருட் பெரும்பாலார் நினைவிழப்பதில்லை. 'மயங்கி விழவில்லையே, ஆடட்டும்' என்பது பிழையான அளவுகோல். தலைசுற்றல், வாந்தி, தடுமாற்றம், சற்றுமுன் நடந்ததை மறத்தல் என்னும் இவற்றில் ஒன்று காணப்படினும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. சக்தி வறண்டு கிடக்கும் மூளை இரண்டாம் அடியைத் தாங்கமாட்டாது. 2019 ஓகத்தில் இலோட்சு மைதானத்தில் அவுஸ்திரேலிய வீரர் ஸ்ரிவ் ஸ்மித் கழுத்தருகே பந்துபட்டு வீழ்ந்து, மூளை அதிர்ச்சியின் குறிகள் வெளிப்பட்டபோது, அவ்வாண்டு வகுக்கப்பட்ட விதிப்படி லபுஷேன் என்பவர் மாற்று வீரராகத் துடுப்பெடுத்தாடினார். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரையே ஐந்துநாட் போட்டியின் நடுவில் நிறுத்திவைக்கலாமெனில், பாடசாலைப் பெரும்போட்டியில் ஒரு மாணவனை நிறுத்திவைத்தல் வெட்கமாகாது. தலையிற் குட்டினாற் புத்தி வருமென்று நம்பிய ஆசிரியர் பரம்பரையின் கடைசிக் கொழுந்துகளாகிய நாமே இதைச் சொல்கின்றோம் என்பதைப் பழைய மாணவர்கள் கவனிப்பார்களாக.

மெல்லிய அதிர்ச்சி பெரும்பாலும் இம்மந்த நிலையோடு தெளிந்துவிடும். அதை அளந்தும் பார்த்துள்ளனர். தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளினாற் காந்தத் துடிப்பைச் செலுத்தி மேற்பட்டையை நோவின்றி அருட்டும் முறை 1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் உருவாயிற்று. துடிப்பைச் செலுத்தியதும் கைத்தசை ஒருமுறை அசைந்து, பின் சிறிது நேரம் அடங்கிக் கிடக்கும். மூளை அதிர்ச்சி பலமுறை உற்ற விளையாட்டு வீரரிடம் அவ்வடக்கம் வழமையிலும் நீண்டிருந்தது. அஃதாவது அவர்களிடத்து அடக்கும் ஆற்றலே மிகுந்திருந்தது. ஆகவே காயமெல்லாம் மூளையை அருளச் செய்யும் என்று எண்ணிவிடலாகாது.

கடுங்காயத்தின் போக்கு வேறு. கலங்கள் மடிந்து, குருதி கசிந்து, தழும்பு விழுந்த மூளையில் இரண்டாம் அத்தியாயம் ஒன்று தொடங்குகின்றது. முதல் உலகப் போரிலே தலையிற் காயமுற்ற போர்வீரர் பலருக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர், அந்நாளில் யேர்மனியிலிருந்த பிரெஸ்லவு நகரின் ஒற்பிரிட் பேர்ஸ்ரர். கனடா நாட்டு வைத்தியரான வைல்டர் பென்பீல்ட் 1928 இல் அவரிடஞ் சென்று பயின்றார். தழும்பினால் வரும் வலிப்பைப் பற்றி இருவரும் சேர்ந்து 1930 இல் எழுதினர். தழும்போ செத்த பொருள்; அதில் மின்துடிப்பு எழுதற்கு இடமில்லை. வலிப்பு எழுவது அதன் கரையில், உயிரோடிருக்கும் கலங்களிடத்தே. மடிந்த கலங்களால் அன்று, எஞ்சிய கலங்களாலேயே நோய் வருகின்றது. எஞ்சியவை ஏன் இவ்வாறு ஆகின்றன?

ஒரு காரணம் முட்டுக்கட்டைகளின் குறைவு. அடக்கும் கலங்களுட் சிலவகை காயத்தாற் குறைந்துபோகின்றன. அதனினும் வியப்பானது, எஞ்சிய அடக்குங் கலங்கள் தம் தொழிலையே மாற்றிச் செய்தல். காபா அடக்குவது குளோரைட்டு அயனைக் கலத்தினுட் புகவிடுவதாலாகும். கலத்தினுள் குளோரைட்டுக் குறைந்திருந்தாலன்றி அது உட்புகாது. காயமுற்ற கலத்தில் குளோரைட்டை வெளியேற்றும் பம்பி தளர்ந்து, உள்ளே அது தேங்கிவிடுகின்றது. அப்போது காபா வந்தாற் குளோரைட்டு வெளியே பாய்ந்து, அடங்கவேண்டிய கலம் அருட்டப்படுகின்றது. முட்டுக்கட்டை இடுவோன் தானும் வடத்தைப் பிடித்து இழுத்தால் எவ்வாறிருக்கும்!

மற்றொரு காரணத்தையே நாம் தலையாயதாகக் கருதுகின்றோம். நரம்பறுந்த உறுப்பு, தனக்கு முன்பு வந்த இரசாயனச் செய்தியை மிகுதியாக உணரத் தொடங்கும் என்பதை ஹாவர்ட் பல்கலைக்கழகத்து வோல்ரர் கனன் 1939 இல் ஒரு விதியாகவே வகுத்தார். மேற்பட்டைக் கலமும் அவ்விதிக்கு விலக்கன்று. 1998 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீனா துரிகியானோவும் உடனுழைத்தோரும் எலியின் மேற்பட்டைக் கலங்களைக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றின் மின்துடிப்பு முழுவதையும் இரண்டு நாள் ஒரு நஞ்சினால் அடக்கிவைத்தனர். அந்நஞ்சு நம் கடற்கரையோர் நன்கறிந்து ஒதுக்கும் பேத்தை மீனிலுள்ள நஞ்சே. இரண்டு நாட் கழிந்தபின் நோக்கியபோது, ஒவ்வொரு கலமும் தனக்கு வரும் செய்தியை முன்னிலும் உரக்கக் கேட்கத் தொடங்கியிருந்தது. ஓசை குறைந்த வானொலியை நாம் திருகி உயர்த்துவதுபோல, செய்தி குறைந்த கலம் தன் செவியைத் தானே கூர்மையாக்கிக்கொள்கின்றது.

நோயில்லாத மூளைக்கு இவ்வியல்பு நன்மையே. அளவுக்கு மேல் எழாமலும் அளவுக்குக் கீழ் உறங்காமலும் கலங்களை அதுவே காக்கின்றது. காயத்தாற் கீழிருந்து வரும் நார்கள் அறுந்துபோன மேற்பட்டைத் துண்டிலோ கலங்கள் செய்தியின்றிப் பல வாரம் கிடக்கின்றன. செவியைக் கூர்மையாக்கிக்கொண்டே போகின்றன. இதனோடு, அறுந்த கலங்கள் புதிய கிளைகளை விட்டு அயலிலுள்ளவற்றோடு இணைகின்றன. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து டேவிட் பிரின்ஸ் என்பாரும் அவர் குழுவினரும், அடியில் அறுக்கப்பட்ட எலி மேற்பட்டையில், சில வாரங்களின் பின், ஐந்தாம் படையிலுள்ள பெரிய கலங்கள் இவ்வாறு கிளைத்திருத்தலையும் அத்துண்டு வலிப்பொத்த துடிப்பை எழுப்புதலையும் காட்டினர். வெளியுலகிலிருந்து ஒன்றும் வராத நிலையில், எல்லாரும் கூர்ந்து கேட்க, எல்லாரும் ஒருவரோடொருவரே பேசும் கூட்டம் அது. சிறு முணுமுணுப்பும் அங்கே கூச்சலாகும். பழுதுபார்க்கும் வேலையே பழுதாகின்றது என்று இதைச் சொல்லலாம். ஆதலாலேதான் நோய் உடனே வருவதில்லை. வேலை முடியக் காலஞ் செல்லும்.

குருதிக்கும் இதிற் பங்குண்டு. கசிந்த குருதியின் செங்கலங்கள் சிதைய, அவற்றிலுள்ள இரும்பு அங்கே தங்குகின்றது. 1978 இல் இரும்பின் உப்பை எலியின் மேற்பட்டையிற் செலுத்திய ஆய்வாளர் அதனால் வலிப்பு உண்டாதலைக் கண்டனர். குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதமும் வேலி தாண்டி மூளைக்குட் புகுமாயின், வெளியே மிஞ்சிய பொற்றாசியத்தைத் துடைத்தெடுக்கும் துணைக்கலங்கள் தம் தொழிலிற் குன்றுகின்றன என்று 2007 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

இவற்றைப் படித்து, என்றோ மரத்தால் விழுந்தவரெல்லாம் அஞ்சவேண்டுவதில்லை. அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் 4541 தலைக்காயக்காரரைத் தொடர்ந்து நோக்கி 1998 இல் வெளியிட்ட கணக்கின்படி, மெல்லிய காயமுற்றோருள் 30 ஆண்டுக் காலத்தில் வலிப்புக் கண்டவர் நூற்றுக்கு 2.1, கடுங்காயமுற்றோருள் 16.7. மண்டையோட்டைத் துளைத்த காயம் எல்லாவற்றினுங் கொடியது. வியற்னாம் போரில் அவ்வாறு காயமுற்ற 421 வீரரை ஏறத்தாழ 15 ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது நூற்றுக்கு 53 பேர் வலிப்பு நோயாளராயிருந்தனர். நம் நாட்டுப் போரும் தலையிற் சன்னமும் சிதறல்களும் ஏந்திய பலரை விட்டுச் சென்றது. அவர்களுள் நம் பழைய மாணவரும் உளர். போர் முடிந்தது 2009 இல். மேற்கூறிய இடைக்காலமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓடிக்கொண்டிருப்பது.

மருந்தினால் இதை முன்கூட்டியே தடுத்தல் கூடுமா? 1990 இல் வெளிவந்த பெயர்பெற்ற ஆய்வொன்றில், கடுந்தலைக்காயமுற்ற 404 பேரிற் பாதியளவினர்க்குப் பெனிற்றொயின் என்னும் வலிப்பு மருந்தையும் ஏனையோர்க்கு மருந்தற்ற போலியையும் கொடுத்துப் பார்த்தனர். முதல் வாரத்து வலிப்பு நூற்றுக்கு 14.2 இலிருந்து 3.6 ஆகக் குறைந்தது. பின்னாளில் வருவதோ குறையவேயில்லை. மருந்து துடிப்பை அடக்குமேயன்றி, உள்ளே நடக்கும் கிளைத்தலையும் செவி கூர்த்தலையும் நிறுத்துவதில்லை. அவற்றை நிறுத்துமென்று மனிதரிடத்து நிறுவப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆனால், நோய் வெளிப்பட்டபின் அதை அடக்கிவைக்க மருந்துகள் உள. அவற்றை ஒழுங்காய் உட்கொள்வோருட் பெரும்பாலார் படிக்கின்றனர், தொழில் செய்கின்றனர், மணஞ்செய்து வாழ்கின்றனர். பெண் கொடுக்கும் வேளையிலும் உத்தியோகங் கொடுக்கும் வேளையிலும் நம்மவர் இதை ஒரு பழியாக மறைப்பதும் தூற்றுவதும் அறியாமையே. மறைப்பதற்காக மருந்தை நிறுத்தி, அதனாற் பெருந்துன்பமுற்றவரை நாம் அறிவோம்.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பையோ திறப்புக்கோர்வையையோ திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. கேஜ் தன்னைத் துளைத்த இருப்புக்கோலை வாழ்நாள் முழுவதும் தன்னுடன் வைத்திருந்தான்; அதனால் அவன் வலிப்பு நின்றதில்லை. செய்யத்தக்கது எளிது. அருகிலுள்ள மேசை, கதிரை முதலியவற்றை அகற்றித் தலையின் கீழ் மெத்தென்ற துணியொன்றை வைத்தல் வேண்டும். கைகால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. வாயினுள் யாதொன்றையும் இடலாகாது. துடிப்பு அடங்கியதும் ஒரு பக்கமாய்த் திருப்பிக் கிடத்துக. தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்திற் பார்த்தல் மிக முக்கியம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், ஒன்று ஓயுமுன் மற்றொன்று தொடங்கினாலும், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவித்தல் வேண்டும்.

வைத்தியர் முதன்முதல் வினவுவது முன்பு தலையில் அடிபட்டதுண்டா என்பதையே. கேஜின் மரணம் ஹார்லோவுக்குப் பல ஆண்டுகள் தெரியாதிருந்தது. 1866 இல் அவர் தாமே தேடித் தாய்க்குக் கடிதம் எழுதினமையாலன்றோ அவ்வலிப்புக்கள் ஏட்டில் ஏறின. வைத்தியர் தேடிவருவார் என்று நாம் காத்திருத்தல் ஆகாது. வேலியால் விழுந்தது, மோட்டார்ச் சைக்கிள் சரிந்தது, செல் வெடித்த நாளிற் பதுங்குகுழிக்குள் மயங்கிக் கிடந்தது ஆகியவற்றை, இருபது முப்பது ஆண்டு கழிந்திருந்தாலும், வீட்டில் நினைவுள்ள முதியவர் ஒருவர் கூடச் சென்று வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.